தனிமேசையும் கட்டுச்சோறும்

கோப்பன்ஹேகன் மத்திய நிலையத்திலிருந்து வடக்கே 20 நிமிட ரயில் பயணத்தில் கிளாம்பென்போர் வரும். நிலையத்தை அடுத்தே டியூரஹேவன் என்னும் மான்காடு தொடங்குகிறது. ஏறக்குறைய 2,000 மான்கள் அங்கே திரிகின்றன. புரட்டாதியில் ஆண்மான்கள் துணை தேடிக் கதறும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே இலையுதிர்கால வார இறுதிகளில் நகரம் அங்கே திரள்கிறது. கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. துணி விரித்து, பொதி அவிழ்த்து, பிளாஸ்கைத் திறந்து, ஆறிப்போன சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

அவர்கள் சாப்பிடும் வெளியின் மேட்டில் எரெமிதாஷ் என்ற சிறு மாளிகை நிற்கிறது. ஆறாம் கிறிஸ்டியான் மன்னருக்காகக் கட்டடக் கலைஞர் லௌரிட்ஸ் டி துரா 1734க்கும் 1736க்கும் இடையில் கட்டியது. அரச குடும்பம் இரவு தங்குவதற்காக அது கட்டப்படவில்லை. வேட்டை நாளில் மன்னரும் விருந்தினரும் சாப்பிடுவதற்காகவே கட்டப்பட்டது. அதாவது, ஒருநாள் சுற்றுலாவில் மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு மாளிகை. அதன் அதிசயம் அங்கிருந்த மேசை. நிலவறையில் உணவு பரிமாறப்பட்ட மேசை பொறி ஒன்றின் மூலம் மேலே சாப்பாட்டறைக்கு எழும்பி வரும். பரிமாறுகிறவர் எவரும் அறைக்குள் நிற்க வேண்டியதில்லை. துறவியின் குடில் என்ற பொருள் கொண்ட பெயர் மாளிகைக்கு வந்ததும் அதனால்தான். மன்னர் தனித்திருந்து சாப்பிட விரும்பினார். அந்தப் பொறி இன்று அங்கில்லை.

டென்மார்க்கில் தமிழர் சமையல் சரிவந்ததும் பிழைத்ததும் பற்றி எங்களிடம் வேடிக்கைக் கதைகள் ஏராளம். களியாகிப்போன சோறு, கல்லாகிப்போன புட்டு, புளிக்க மறுத்த தோசைமா. இவற்றைக் கைப்பக்குவத்தின் கதைகளாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு மேசையில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது, யார் கண்ணில் படாமல் உழைக்க வேண்டும் என்பதைச் சமையல்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. மான்காட்டின் வரலாறும் எங்கள் குசினிகளின் வரலாறும் அந்த இடத்தில்தான் சந்திக்கின்றன.

காடு முதலில் பொதுமக்களுக்கு உரியதாக இருக்கவில்லை. 1669இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னர் அதை வேட்டைக்கு அடைத்தார். அடுத்து வந்த ஐந்தாம் கிறிஸ்டியான் அதை விரிவாக்கினார். விரிவாக்கத்தின் வழியில் ஸ்டொக்கரப் என்ற விவசாயக் கிராமம் இருந்தது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன, வயல்கள் மேய்ச்சல் வெளியாயின. நாங்கள் ‘இயற்கை’ என்று படம் பிடிக்கும் அந்தப் பரந்த வெளியின் ஒரு பகுதி, ஓர் ஊர் இடம்பெயர்க்கப்பட்டதால் உண்டானது. இடம்பெயர்வு என்ற சொல்லின் எடை தெரிந்தவர்கள் அந்தப் புல்லில் இருந்து சாப்பிடும்போது இதையும் தெரிந்திருப்பது நல்லது.

அதற்கும் முன்பே மக்கள் அங்கே போய்வந்தார்கள். கியர்ஸ்டன் பீல் என்ற பெண்ணின் பெயரால் அழைக்கப்படும் நீரூற்று ஒன்று அங்கே உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டாக 1583ஐச் சொல்வார்கள். நோய் தீர்க்கும் நீர் என்ற நம்பிக்கையில் கூட்டம் வந்தது. கூட்டம் வந்த இடத்துக்குத் தின்பண்டம் விற்பவர்களும் கூத்தாடிகளும் வந்தார்கள். எங்கள் கோயில் தீர்த்தத்தைச் சுற்றிக் கச்சான்கடை முளைப்பது மாதிரித்தான். இன்று பாக்கன் என்று அழைக்கப்படும் களியாட்டப் பூங்காவின் தொடக்கம் அதுவே. அரச வேட்டைக்காக மூடப்பட்ட காட்டை 1756இல் ஐந்தாம் பிரெடெரிக் மன்னர் மக்களுக்குத் திறந்துவிட்டார்.

நகரத்தார் வெளியே போக ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோப்பன்ஹேகன் கோட்டை மதிலுக்குள் நெருக்குண்டு கிடந்தது. 1853ஆம் ஆண்டு வாந்திபேதி அங்கே 4,700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகே மதிலும் வாசல்களும் மெல்ல மெல்ல இல்லாமற் போயின. 1863இல் கிளாம்பென்போருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், குதிரைவண்டிக்கு வழியில்லாத குடும்பமும் காட்டுக்குப் போகலாம் என்றாயிற்று. போனவர்கள் சாப்பாட்டைக் கூடையில் கட்டிக்கொண்டு போனார்கள். நகரத்துக்கு மேற்கே பிரெடெரிக்ஸ்பெர்க்கில் இருந்த குடும்பத் தோட்டக் கடைகள் ‘சாப்பாட்டுக் கூடை கொண்டுவரலாம்’ என்றே ஆட்களை அழைத்தன. கடைக்காரர் விற்றது கோப்பி, பியர், இருக்க ஓரிடம். சோற்றைக் கட்டிக்கொண்டு போய்க் கடையில் தேத்தண்ணி மட்டும் வாங்கிக் குடிக்கும் வழக்கம் எங்களுடையது மட்டும் என்று யாராவது நினைத்திருந்தால், அது டேனிஷ் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சொந்தமானது.

கூடைக்குள் இருந்தது பெரும்பாலும் றை மாவில் சுட்ட கறுப்புப் பாண். வெண்ணெய் பூசி, மேலே மீனோ இறைச்சியோ உருளைக்கிழங்கோ வைத்தது. உருளைக்கிழங்கு இன்று டேனிஷ் மேசையின் அடையாளம். பள்ளிக்கூடங்களின் ஐப்பசி விடுமுறையை, ஆண்டின் 42ஆம் வாரத்தில் வருவதை, முதியவர்கள் இன்னும் ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்றே சொல்கிறார்கள். கிழங்கு கிண்டப் பிள்ளைகளின் கை தேவைப்பட்ட காலத்துப் பெயர் அது. அந்தக் கிழங்கைத் தோட்டத்தில் நட்டுப் பழக்கியவர்களில் முன்னோடிகள் அகதிகள். பிரான்ஸில் மதத்துக்காகத் துரத்தப்பட்ட ஹியூகனோக்களை நான்காம் பிரெடெரிக் மன்னர் அழைத்தார். 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் பிரெடெரிசியா நகரில் குடியேறி, புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். புகையிலை, உருளைக்கிழங்கு என்றதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏறக்குறைய 260 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளும் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். 1983 ஆடிக் கலவரம் நடந்த அதே ஆண்டில் டென்மார்க் புதிய வெளிநாட்டவர் சட்டமொன்றை இயற்றியது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையை அது தந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் தாராளமான சட்டம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். கடனும் ஏஜென்சியும் ஒருவரைத்தான் முதலில் அனுப்ப முடிந்தது. அவர்களில் பலர் ஊரில் அடுப்பங்கரைப் பக்கம் போயிராதவர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாம்களிலும், பிறகு யூலண்டின் சிறு நகரங்களிலும் தலைநகரின் அடுக்குமாடிகளிலும் அவர்கள் சமைக்கத் தொடங்கினார்கள்.

சமையல் பிழைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. டேனிஷ் கடையில் கண்ணில் பட்ட மலிவு அரிசி, பாலில் காய்ச்சிக் கறுவாவும் சீனியும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிடும் கஞ்சிக்கான குட்டை அரிசி. குழைவதற்கென்றே தேர்ந்த இனம். அதைச் சோறாக்கினால் களிதான் வரும். ‘கறி’ என்று எழுதிய தூள் டப்பாவும் இருந்தது. அது பன்றி இறைச்சி உருண்டைகளை மஞ்சள் குழம்பில் போடும் டேனிஷ் வீட்டுச் சாப்பாட்டுக்கானது. வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளின் நிறமும் இல்லை, உறைப்பும் இல்லை, மணமும் இல்லை. தோசைமா புளிக்கக் கிருமிகளுக்குச் சூடு வேண்டும். 18 பாகை அறையில் விடிய விடிய வைத்தாலும் அது அசையாது. ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அனுபவம் சொல்லித் தந்த பாடம்.

சரிவந்தவற்றுக்கும் காரணம் உண்டு. கோதுமை மாவை அவித்து அரித்துப் புட்டும் இடியப்பமும் செய்யும் பழக்கம் எங்களிடம் முன்பே இருந்தது. இறக்குமதி மா ஊரில் கற்பித்த வித்தை அது. அந்த வித்தைக்கு டேனிஷ் மா எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. கேக்குக்கு விற்ற உலர்ந்த தேங்காய்த்துருவலை இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டால் சம்பலுக்கு உதவும். புளிப்பான பச்சை அப்பிள் மாங்காயின் இடத்தை ஓரளவு நிரப்பும். எல்லாவற்றிலும் பெரிய கண்டுபிடிப்பு தக்காளிச் சாறில் அடைத்த கானாங்கெளுத்தி ரின். டேனிஷ்காரர் அதைக் கறுப்புப் பாணில் பரப்பி மயோனைஸ் வைத்துச் சாப்பிடுவார்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி அதே ரின்னைக் கவிழ்த்தால் பத்து நிமிடத்தில் மீன்குழம்பு. இரு சமூகங்களின் சோம்பேறிச் சாப்பாடும் ஒரே ரின்னுக்குள் இருந்தது.

இந்தக் கதைகளைச் சிரித்துச் சொல்கிறோம். சிரிப்பில் மறைந்துபோவது ஓர் ஆண்டுக்கணக்கு. பல வீடுகளில் ஆண்கள் தனியே சமைத்தது சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டியது. அது நீண்டதற்குக் காரணம் ஓர் அமைச்சரின் முடிவு.

1987 ஆடியில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்கள் இனித் திரும்பிப் போகலாம் என்ற எண்ணத்தில், அவர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அந்த இலையுதிர்காலத்தில் அதிகாரிகளுக்குச் சொன்னார். சட்டம் மாற்றப்படவில்லை. சட்டம் தந்த உரிமை அப்படியே இருந்தது. கோப்புகள் மட்டும் நகரவில்லை. ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் வெடித்து, யாழ்ப்பாணம் ஷெல்லடியில் கிடந்தது. அந்த ஊரில் மனைவியும் பிள்ளையும், ஒரு டேனிஷ் அடுக்குமாடியில் கணவன். இடையில் கோப்பன்ஹேகனின் ஓர் அலுவலகத்தில் அடுக்கின் அடியில் ஒரு கோப்பு.

நாடாளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் 1989இல் அந்த நடைமுறை சட்டவிரோதமானது என்று அறிக்கையிட்டார். கோப்புகள் மறுபடி நகரத் தொடங்கியிருந்தன. அந்த ஆண்டு சித்திரையில் பிரதமர் போல் ஸ்லூட்டர், கம்பளத்தின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நீதிபதி மோகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையிலான விசாரணை ஏறக்குறைய 6,000 பக்க அறிக்கையை 1993 ஜனவரி 14ஆம் திகதி வெளியிட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்த ஸ்லூட்டர் அன்றே விலகினார். அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதல் தடவையாகக் கூட்டப்பட்டு, 1995இல் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டது. நான்கு மாதச் சிறை, நிபந்தனையுடன் ஒத்திவைப்பு. டேனிஷ் அரசியல் வரலாற்றில் இது ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர் பெற்றது.

பள்ளிப் பாடத்தில் இந்த வழக்கைப் படித்த இரண்டாம் தலைமுறையினர் பலர். அதில் அமைச்சர் வருகிறார், பிரதமர் வருகிறார், நீதிபதி வருகிறார். தமிழர்கள் பெயரடையாக மட்டும் வருகிறார்கள். வழக்கின் மறுபக்கம் குசினியில் நடந்தது. ஒரு கறுப்புப் பாண் துண்டும் ஒரு ரின் மீனும் ஆறு மாதத்துக்கு வேடிக்கை. எந்தத் திகதியில் முடியும் என்று தெரியாதபோது அது தண்டனை. எரெமிதாஷில் மன்னர் தனிமேசையை விரும்பிக் கட்டினார். 1987இன் இலையுதிர்காலத்தில் வேறு சிலருக்கு அது விரும்பாமலே விதிக்கப்பட்டது.

மனைவிமார் வந்த பிறகு குசினிகள் மாறின. தூள் பொதிகளும் ஒடியல் மாவும் இடியப்ப உரலும் பயணப்பெட்டிகளில் வந்தன. சாப்பாடு சரிவரத் தொடங்கியது. இந்த இடத்தில் எங்கள் கதை வழக்கமாக மகிழ்ச்சியோடு முடிந்துவிடும். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டு, மூன்று, நான்கு வருடம் சமைத்துச் சமைத்துப் பழகிய ஆண்களில் பலர், மனைவி வந்த கிழமையே அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். டேனிஷ் குளிரில் கற்ற கலை அப்படியே மறக்கப்பட்டது. வந்த பெண்களோ பகலில் மொழி வகுப்புக்கும் பிறகு தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போய், மாலையில் ஊரில் இருந்தது மாதிரியே மூன்று கறி வைத்தார்கள்.

மன்னரின் மேசை தானாக எழும்பியது போலத் தெரிந்தது. உண்மையில் கீழே நிலவறையில் ஆட்கள் அதை உயர்த்தினார்கள். மேலே இருந்தவர்களின் தனிமை, கீழே இருந்தவர்களின் உழைப்பில் நின்றது. ‘அம்மாவின் கைச்சாப்பாடு’ என்று புலம்பெயர் எழுத்தில் நாங்கள் உருகி உருகி எழுதும் மேசைக்கும் அப்படியொரு நிலவறை இருந்தது. சரிவந்த சாப்பாட்டுக்குக் கைதட்டும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இலையுதிர்காலச் சுற்றுலாவில் இது வெளிச்சத்துக்கு வந்துவிடும். பத்து மணிக்குக் காட்டுக்குப் போக, ஐந்து மணிக்கு ஒருவர் எழும்ப வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் பொதி அவிழ்க்கும்போது பிழைக்கும். அதற்குக் குளிர்தான் காரணம். அவித்த மாப்பொருள் குளிர்பெட்டியின் சூட்டுநிலையில்தான் மிக வேகமாக இறுகும். ஐப்பசி மாதக் காடு ஏறக்குறைய ஒரு குளிர்பெட்டி. புட்டு மணலாகும், இடியப்பம் நாராகும், தோசை தோலாகும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். குழம்பின் மேல் வெள்ளைப் படலம் படியும். வெப்பநாட்டுக் கட்டுச்சோற்றின் ஞானம் முழுவதும் பழுதாகாமல் காப்பதைப் பற்றியது. புளி, எண்ணெய், உப்பு, வாட்டிய வாழையிலை எல்லாம் அதற்காகத்தான். டென்மார்க்கில் பழுதாகும் பயமில்லை, இறுகும் பயம். கேள்வி மாறியபோது பழைய விடைகள் உதவவில்லை. புளிக்கவைத்துச் சுட்ட கனத்த கறுப்புப் பாண் குளிரிலும் ஈரம் காத்து நிற்கிறது. டேனிஷ் கூடைகள் அதைச் சுமந்ததில் காரணம் இருந்தது. மீன் ரோல்ஸ், பற்றிஸ், பிளாஸ்கில் அடைத்த சூடான பருப்பு, கறுப்புப் பாணுக்குள் ரின் மீன் சம்பல் என்று எங்கள் பொதிகளும் மெல்ல மாறின.

காட்டில் பொறுக்குவதிலும் பிழை உண்டு. அரச காடுகளில் சொந்தப் பாவனைக்குக் காளானும் பழமும் பறிக்கலாம். முள்ளுப்பழத்தில் தவறு நேர்ந்தால் புளிக்கும், அவ்வளவுதான். காளானில் தவறினால் உயிர் போகும். ஆசியாவில் உண்ணப்படும் வைக்கோல் காளானும், இங்கே காடுகளில் முளைக்கும் பச்சை நச்சுக்காளானும் மொட்டுப் பருவத்தில் ஒன்றுபோல இருக்கும். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆசியக் குடியேறிகள் இந்தத் தோற்ற மயக்கத்தில் இறந்திருக்கிறார்கள். ஊர் நினைவை நம்பிக் கைவைக்கக்கூடாத இடம் இது. தெரிந்தவரோடு போய்ப் பழக வேண்டும்.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு என்று பழமொழி கேட்கும். கட்டிக்கொண்டு வந்த சோறு முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. இலங்கைப் பின்னணி கொண்ட சுமார் 12,000 பேர் இன்று டென்மார்க்கில் வாழ்கிறார்கள். எண்பதுகளில் குட்டை அரிசியைக் களியாக்கியவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தொட்டவர்கள். அமைச்சர் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பது 6,000 பக்கங்களில் பத்திரமாக இருக்கிறது. அந்த மாதங்களில் அவர்கள் என்ன சமைத்தார்கள், எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள், வெளிநாட்டுக் கடிதம் வந்த நாளில் சாப்பிட்டார்களா என்பது அவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது.

வரும் 42ஆம் வாரத்தில் மான்காட்டுக்குப் போகிறவர்கள் அப்பாவைக் கேளுங்கள்: அம்மா வரும்வரை என்ன சமைத்தீர்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், பிறகு ஏன் சமைப்பதை விட்டீர்கள்? அம்மாவையும் கேளுங்கள்: கோப்பு நகராமல் கிடந்த அந்த மாதங்களில் ஊரில் உங்கள் அடுப்பில் என்ன இருந்தது? பதிலை எழுதி வையுங்கள். முடிந்தால் அன்றைய பொதியை அம்மா அல்லாத வேறு யாராவது கட்டட்டும். புட்டு இறுகினாலும் பரவாயில்லை.